கேப்டனின் அம்மா

"வேன் ஏற்பாடு பண்ணியாச்சு. ஆபீஸ்ல எல்லாரும் வர்றோம்" என்று மேற்பார்வையாளர் மேடம் சொன்னதும் கேப்டன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்கு மேடம் சிரமம்? துறைமுகம் ரொம்ப தூரம். வெயில் வேற மண்டையைப் பிளக்குது."

"நல்லா இருக்கே! உங்க அம்மாவுக்கு நினைவுக் கூட்டம், நாங்க வராம இருப்போமா?"

கேப்டன் தலையை ஆட்டிவிட்டுத் தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா போனதிலிருந்து கண்ணில் எட்டிப் பார்க்காத நீர் அப்போது எட்டிப் பார்த்தது. பக்கத்து இருக்கைப் பெண் அதைத் துக்கம் என்று நினைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அது பயம் என்று அவருக்குத்தான் தெரியும்.

அவர் கப்பல் கேப்டனும் இல்லை, கிரிக்கெட் கேப்டனும் இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் போன் எடுப்பவர். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் முதல் மணி அவர் மேசையில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை, உள்ளே மாட்டிக்கொண்டவர் பதறிவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதும் அவர் வேலைதான். அவரோ லிஃப்டுக்குள் கால் வைக்கமாட்டார். அலுவலகத்துக்குத் தினமும் படியேறித்தான் வருவார். கேட்டால் உடற்பயிற்சி என்பார். வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட மனைவிதான் போகவேண்டும். கைப்பிடிச் சுவர் பக்கம் போனாலே அவருக்குக் கால் கூசும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு அந்தப் பட்டம் வந்தது ஒரு போனால்தான். ஒரு முறை லிஃப்டுக்குள் சிக்கிய ஒரு பெண் மூச்சு வாங்க வாங்க அழுதுகொண்டிருந்தாள். பயப்படாதீங்க, பயப்படாதீங்க என்று இவர் எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதாக இல்லை.

"உங்களுக்கு என்ன சார், நாற்காலியில உக்காந்துக்கிட்டு நல்லாப் பேசுவீங்க!" என்று அவள் கத்தியபோது அவர் வாயில் அது தானாக வந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. நான் ஒரு தடவை கப்பல் பக்கவாட்டுல, தண்ணிக்கு மேல, ஒத்தைக் கயித்துல தொங்கியிருக்கேன்."

அழுகை சட்டென்று நின்றது. "அப்புறம்?" என்றாள்.

மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை அப்புறம், அப்புறம் என்று கதை ஓடியது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மொத்த அலுவலகமும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "சார், நீங்களா? நிஜமாவா?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்க அம்மா என்று ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அவரை அதுவரை யாரும் அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் லேசாகச் சிரித்துவைத்தார். அன்றிலிருந்து அவர் கேப்டன்.

கப்பலில் தொங்கியது அம்மா. கப்பல்களுக்குப் பெயர் எழுதுவதுதான் அவளுடைய தொழில். இரண்டு கயிறுகளில் கட்டிய பலகையில் உட்கார்ந்துகொள்வாள், மேலிருந்து இறக்குவார்கள். அலை கீழே மோதிக்கொண்டிருக்க, ஆள் உயர எழுத்துகளை ஒரு பிசிறு இல்லாமல் எழுதிவிட்டு வருவாள். ஆண்களே தயங்குகிற அந்த வேலைக்கு, கணவனை இழந்து கைக்குழந்தையோடு நின்ற அவள் தானாகப் போய் நின்றாளாம். துறைமுகத்தில் அவளுக்குப் பெயிண்டரம்மா என்று பெயர். வேலை இல்லாத நேரத்தில் கிழிந்த தார்ப்பாய்களை வெட்டி எடுத்துவந்து, மிச்சம் மீதிப் பெயிண்டில் படம் வரைவாள். சுமை தூக்குகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், தூங்கிவழிகிற காவலாளி என்று யாரையும் விட்டுவைக்கமாட்டாள். கலங்கரை விளக்கத்துக்கு வண்ணம் பூசப் போய்ப் புயலில் சிக்கியிருக்கிறாள். அறுபது கடந்தபிறகு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பேத்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போய்விட்டு வந்து, மகனிடமும் மருமகளிடமும் திட்டு வாங்கியிருக்கிறாள்.

மோட்டார் சைக்கிள் கதையைக் கேப்டன் அலுவலகத்தில் சொன்னதில்லை. வண்டி எங்கே, ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டால்? மற்ற கதைகளையெல்லாம் ஒன்று விடாமல் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இளவயதில் துறைமுகத்தில் வேலை பார்த்ததாக ஒரு புருடா விட்டார். சேர்த்துக்கொண்டதோடு நிற்கவில்லை, மெருகும் ஏற்றினார். கப்பல் கதையில் பெயிண்ட் டப்பாவின் பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஒரு கையால் தொங்கியபடியே கடைசி எழுத்தை எழுதி முடித்தார். ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் புது ஆட்கள் சேரும்போதெல்லாம், "கேப்டன், அந்தப் பல்லுல கவ்வுன கதையைச் சொல்லுங்க" என்பான். அவரும் சொல்வார்.

நினைவுக் கூட்டத்தைத் துறைமுகத் தொழிலாளர்கள்தான் ஒரு பழைய கிடங்கில் வைத்திருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு வாரமாக அங்கேயே கிடந்து, பாட்டியின் தார்ப்பாய்ப் படங்களைக் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். கேப்டன் முதல் வரிசையில் மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்காரர்கள் அவருக்கு நேர் பின்னால்.

"கேப்டன், இதெல்லாம் யாரு வரைஞ்சது?" என்று ஸ்பேனர் குனிந்து கேட்டான்.

"அம்மாதான்."

"அப்ப உங்களுக்கு அந்தப் பெயர் எழுதுற கை எங்கேயிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது."

மகள் திரும்பிப் பார்த்தாள். "யாருக்கு?" என்று கேட்டாள். அதற்குள் மைக் கரகரத்தது. கேப்டன் அந்தக் கரகரப்புக்கு மனதுக்குள் நன்றி சொன்னார். அந்த நன்றி அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

மைக்கைப் பிடித்தவர் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர். அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. வேட்டியின் நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். "பெயிண்டரம்மாவைப் பத்திச் சொல்லணும்னா விடிய விடியச் சொல்லலாம். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஒரு பெரிய சரக்குக் கப்பல். அதுக்குப் பேர் எழுதிட்டு இருக்காங்க. பலகையில ஒரு பக்கக் கயிறு அவுந்துபோச்சு. பலகை அப்படியே செங்குத்தா நிக்குது. அந்தம்மா ஒத்தைக் கயித்துல..."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். கையை விரித்துக் காட்டிவிட்டு, முடிக்காமலே போய் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. கேப்டனின் பின்னால் மட்டும் ஒரு கைகூடத் தட்டவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிடரியில் தீப்பட்டதுபோல் இருந்தது. ஸ்பேனர் மெல்லிய குரலில் "அதே கதை" என்பதும், யாரோ "உஷ்" என்பதும் காதில் விழுந்தன.

சரி, ஒரே ஒரு கதைதானே, அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே மாதிரி நடந்தது என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவர் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. அந்த நேரத்திலும் தன் புத்தி அப்படித்தான் போனது என்பதை நினைத்து, பிற்பாடு அவர் பலமுறை கூசிப்போனார்.

அடுத்துக் கலங்கரை விளக்கக் காவலர் எழுந்தார். "அந்தப் புயல்ல நான் காய்ச்சல்ல சுருண்டு கிடக்குறேன். படகு வர வழியில்ல. அந்தம்மாதான் ராத்திரி பூரா படியேறிப் படியேறி விளக்கை எரிய வச்சாங்க. திங்க பிஸ்கட் டப்பா ஒண்ணுதான். பொழுது போகலைன்னு கரித்துண்டை எடுத்து உள்சுவர் முழுக்கப் படம் போட்டுட்டாங்க. நான் ஓய்வாகுற வரைக்கும் அதை அழிக்கலை."

காய்ச்சல்காரக் காவலர், பிஸ்கட் டப்பா, கரித்துண்டு. அவர் அலுவலகத்தில் சொன்னதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சமாளிக்க இனி இடமே இல்லை. பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. "குடும்பத்து சார்புல மகன் பேசுவார்" என்று அறிவித்தபோது, எழுந்து போய் மைக்கின் முன் நின்றார். எதிரே மேடம், ஸ்பேனர், பக்கத்து இருக்கைப் பெண். யார் முகத்திலும் கோபம் இல்லை. தெருவில் தடுக்கி விழுந்த ஒருவனைப் பார்க்காதது மாதிரி இருந்துவிடுவோம் என்று நினைப்பவர்களின் முகம்.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி" என்றார். அதோடு கைகூப்பிவிட்டுத் திரும்பிவிட்டார். கூட்டம் அதைத் துயரம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது.

எல்லோரும் கலைந்துகொண்டிருக்கையில் மேடம் அருகில் வந்தார். சண்டைக்காரர் இல்லை, நல்ல மனுஷி. அதுதான் தாங்கமுடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டா எனக்கு உறுத்தும். உங்க அம்மா ஒரு தடவை ஆபீஸ் வந்தாங்க, ஞாபகம் இருக்கா? நீங்க மறந்துட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க. அப்ப நீங்க வெளியில போயிருந்தீங்க."

"ஆமா மேடம்."

"நீங்க வர்ற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. நான் சும்மா இருக்காம, உங்க பையன் சாதாரண ஆளில்லம்மான்னு அந்தக் கப்பல் கதையை அவங்ககிட்டயே சொன்னேன்." மேடத்தின் குரல் தாழ்ந்தது. "கண்ணு விரியக் கேட்டாங்க. 'அப்படியா, அப்புறம் என்ன பண்ணான்?'னு கேட்டுக் கேட்டு முழுசாக் கேட்டாங்க. பல்லுல கவ்வுனதைச் சொன்னதும் அப்படிச் சிரிச்சாங்க. கடைசியில, 'அவன் சின்ன வயசுலேருந்தே தைரியசாலிதான்'னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு இன்னைக்குத்தான்..."

மேடம் முடிக்கவில்லை. கேப்டனுக்குப் பின்னால், கழற்றிய தார்ப்பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் முழுவதும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

வீடு வந்து சேரும்வரை மகள் அந்தத் தார்ப்பாயைக் கீழே வைக்கவில்லை. செருப்பைக் கழற்றியபடியே ஆரம்பித்தாள்.

"பாட்டி கதையை உங்க கதைன்னு சொல்லிட்டு இருந்தீங்களா?"

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்றா இவ?"

"கேளும்மா அவரையே. ஆபீஸ்ல இவருக்குப் பேரு கேப்டனாம்."

கேப்டன் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களைச் சமாதானப்படுத்தத்தான்டா முதல்ல..." என்று இழுத்தார். அது தனக்கே எவ்வளவு அசிங்கமாகக் கேட்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு விஷயம் புரியாம இருந்துச்சு" என்றாள் மகள். "பாட்டி என்கிட்ட பேசிட்டு இருப்பாங்க. நீங்க உள்ள வந்தா கதையைப் பாதியில நிறுத்திடுவாங்க. ஏன் பாட்டின்னு கேட்டா, 'அது உங்கப்பன் சொல்ற கதை, அவன் வாயால கேட்டுக்கோ'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சேன். உங்களுக்குக் கூச்சமா இருக்கக்கூடாதுன்னு வாயை மூடிட்டு இருந்திருக்காங்க. தன்னோட வீட்டுலயே."

அவருக்கு இப்போதுதான் உறைத்தது. கண்ணாடி கொண்டுவந்து கொடுத்த அன்று சாயங்காலம் அம்மா, "உன் ஆபீஸ்ல எல்லாரும் தங்கமானவங்கடா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எதிரில் துறைமுகப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. வயசாகிவிட்டது, மறந்துபோகிறது என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கிறது.

மனைவி சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன.

மறுநாள் அலுவலகத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை. "குட் மார்னிங் சார்" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். ஸ்பேனரும் "சார், அந்த மூணாவது பிளாக் சாவி" என்றான். சார், சார், சார். யாராவது கேலி செய்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு வானிலைக்கு மாறியது. தேவைக்குமேல் மரியாதை. அவர் பருக்கைகளை மென்று விழுங்கிவிட்டு முதல் ஆளாக எழுந்தார்.

பிற்பகலில் போன் அடித்தது. ஒரு வயதானவர், துணிக்கடை லிஃப்டில் தனியாக. "எனக்கு நெஞ்சு படபடங்குது தம்பி, எதையாவது பேசுங்க" என்றார்.

"பயப்படாதீங்க ஐயா, ஆள் கிளம்பிட்டாங்க. நான் ஒரு தடவை..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தார். சுற்றிலும் தட்டச்சு ஓசை நின்றது. அவருக்குக் காது மடல் சுட்டது. "இல்ல ஐயா, நான் இல்ல. எங்க அம்மா. எங்க அம்மா ஒரு தடவை கப்பல் பக்கவாட்டுல தொங்கிட்டாங்க. கயிறு அவுந்துபோச்சு."

"ஐயய்யோ. அப்புறம் என்ன பண்ணாங்க?"

கேப்டன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பல்லால் கவ்வியதும் கடைசி எழுத்தும் அவரே இட்டுக்கட்டியவை. அதற்கு முன் அம்மா சொன்னது என்ன? சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வாள். கைகளை எப்படியோ வைத்துக் காட்டுவாள். எவ்வளவு யோசித்தாலும், தொங்குகிற ஆளாக அவருக்குத் தன் முகம்தான் தெரிந்தது. இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அம்மாவை அந்தக் கயிற்றிலிருந்து அவரே தள்ளிவிட்டிருந்தார்.

"ஹலோ? தம்பி? இருக்கீங்களா?" என்று பெரியவர் பதறினார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இருக்கேன் ஐயா. அதுக்கப்புறம் எனக்குத் தெரியல."

மெக்கானிக் வரும்வரை அந்தப் பெரியவரே தன் பேரப்பிள்ளைகளைப் பற்றி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். கேப்டன் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மகள் நான்கைந்து நாள் முகம் கொடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். சனிக்கிழமை அவள் படங்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"அந்தக் கப்பல் கதை. உனக்குச் சொல்லியிருக்காங்களா?"

"எதுக்கு? ஆபீஸ்ல சொல்லவா?"

"இல்ல. எனக்கு மறந்துபோச்சு."

அவள் துணியைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். "எனக்கும் முழுசாத் தெரியாது. சிரிச்சே மழுப்பிடுவாங்க" என்றாள். பிறகு, "நாளைக்கு அந்தக் கிரேன் தாத்தாவைப் பாக்கப் போறேன். கேக்கணும்னா அவர்கிட்டக் கேளுங்க. பாட்டி வண்டியிலதான் போறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கிரேன் பெரியவர் துறைமுக வாசலில் இருந்த டீக்கடைப் பெஞ்சில் இருந்தார். பெயிண்டரம்மாவின் மகன் என்றதும் எழுந்து இடம் கொடுத்தார்.

"அன்னைக்கு முடிக்க முடியல தம்பி. கூட்டத்துல சொல்லவும் மனசு வரல. ஒத்தைக் கயித்தைப் பிடிச்சுத் தொங்குறாங்க. பெயிண்ட் டப்பா கவுந்து உடம்பெல்லாம் சிவப்பு. கீழ நின்னவங்களுக்கு ரத்தம்னு தோணிப்போச்சு. நான் கிரேன் கொக்கியைப் பக்கத்துல இறக்குறேன். அதைப் பிடிக்கணும்னா கயித்தை விடணும்ல? கை திறக்கல. விடு விடுன்னு கத்துறோம். விரல் பூட்டிக்கிச்சு. கடைசியில ஒரு மாலுமி இறங்கி ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தான். மேல தூக்கி உக்கார வச்சதும் அழுதாங்க பாரு, அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்ல."

மகள் கையிலிருந்த டீ ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது.

"அழுது முடிச்சதும் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினாங்க, வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு. 'எம் பையன் பயந்த சுபாவம், தெரிஞ்சா என்னை வேலைக்கு விடமாட்டான், காலைக் கட்டிக்கிட்டு அழுவான்'னு சொன்னாங்க. நீ வளந்தப்புறம் வேணா விளையாட்டாச் சொல்லியிருப்பாங்க. கடைசி எழுத்தை வேற ஆள்தான் எழுதினான். கோணலா எழுதி வச்சுட்டான். அந்தக் கப்பல் எப்ப வந்தாலும் அந்தம்மா கரையில நின்னு அவனைத் திட்டும்."

பெரியவர் சிரித்தார். கேப்டனால் சிரிக்க முடியவில்லை. மேடத்திடம் அம்மா சொன்ன தைரியசாலியும், இங்கே சொன்ன பயந்த சுபாவமும் அவருக்குள் மாறி மாறி ஒலித்தன. இதில் எது உண்மை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கண்ணிலிருந்து நீர் இறங்கி மீசையில் நின்றது. துடைக்கவும் வெட்கமாக இருந்தது.

"நீ என்ன வேலை பாக்குற தம்பி?" என்று பெரியவர் பேச்சை மாற்றினார். "ஏதோ பெரிய ஆபீஸ்னு அம்மா சொல்லும்."

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"போன் எடுக்குற வேலை ஐயா. உக்காந்த இடத்துல."

"அதுவும் வேலைதானே" என்றார் பெரியவர்.

திரும்பும்போது மகள் வண்டியைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"அடுத்த வாரம் கலங்கரை விளக்கத்துத் தாத்தா வீட்டுக்குப் போறேன். வர்றதுன்னா வாங்க. ஆனா அங்க வந்து நீங்க ஒண்ணும் பேசக்கூடாது. கேட்டுக்கிட்டு இருக்கணும்."

"சரி" என்றார்.

"என் தோளைப் பிடிச்சுக்கோங்க. விழுந்து வைக்காதீங்க."

அவர் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.